நான்காம் விசையில் ₹ இருக்கிறது, திரையில் ஏன் இல்லை? லினக்ஸ் மேசைக்கணினியில் காணாமற்போகும் குறிகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர், அவற்றை எடைக்குப் போடாமல், லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தின் வடிவங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை நிறுவிப் பார்க்கின்றனர். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையின் பில் கணினி, பத்திர எழுத்தரின் தட்டச்சுக் கணினி, ஏற்காட்டுக் காபித் தோட்ட அலுவலகத்தின் கணக்குக் கணினி என்று மூன்று இடங்களை வைத்துக்கொள்வோம். மூன்றும் மூன்று வகையான தொழில். ஆனால் லினக்ஸ் வந்த சில நாள்களுக்குள் எழும் குறை ஒரே வகையானது. வெள்ளிக் கடையில் ₹ வராது. மின்னஞ்சல் முகவரி அடிக்கும்போது @ இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள்குறி விழும். பத்திர எழுத்தருக்கு, மேற்படி என்பதைக் குறிக்கும் ௸ கிடைக்காது. தோட்டத்துக் கணக்கில் வெப்பநிலைக்கான ° குறியும் அரைக்கான ½ குறியும் எங்கே என்று தெரியாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: விசைப்பலகை கெட்டுவிட்டது, அல்லது லினக்ஸில் அந்தக் குறிகள் இல்லை. இரண்டுமே ஏறக்குறைய எப்போதும் தவறு. விசையைத் தட்டுவதற்கும் திரையில் எழுத்து தோன்றுவதற்கும் இடையே நான்கைந்து கட்டங்கள் உள்ளன. குறி எந்தக் கட்டத்தில் தவறியது என்பதை, அதற்குப் பதிலாகத் திரையில் எது வந்தது என்பதைக் கொண்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

## விசை அனுப்புவது எழுத்தன்று, எண்

விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒரு விசையை அழுத்தினால், இந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே கணினிக்குப் போகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் அதற்கு ஓர் எண் தருகிறது. மேல்வரிசையில் 4 என்று அச்சிட்டுள்ள விசைக்கு அது தரும் எண் 5. வரைகலைத் திரையை நடத்தும் அடுக்கு, பழைய வழக்கத்தால், அதனுடன் எட்டைக் கூட்டி 13 ஆக்கிக்கொள்கிறது. வலப்பக்க ஆல்ட் விசைக்குக் கருநிரலில் 100, மேலே 108. இதுவரை எழுத்து என்ற பேச்சே இல்லை.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நடைமேடை எண் மாறுவதில்லை. அந்த நடைமேடையில் எந்த ஊர்ப் பேருந்து நிற்கும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். விசையின் எண்ணும் அப்படித்தான். எண் 13க்கு என்ன எழுத்து என்பதை முடிவு செய்வது லேஅவுட் எனப்படும் விசையமைப்பு. லினக்ஸில் இந்த வேலையைப் பார்க்கும் ஏற்பாட்டின் பெயர் எக்ஸ்கேபி. ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்குமான விசையமைப்புகள் அதில் தனித்தனி உரைக்கோப்புகளாக வைக்கப்பட்டுள்ளன. விசையின் மேல் கடைக்காரர் என்ன அச்சிட்டு விற்றார் என்பதைக் கணினியால் அறிய முடியாது. அந்த அச்சு ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்ற வேண்டியது விசையமைப்பு.

## ஒரு விசையில் நான்கு நிலைகள்

எக்ஸ்கேபியில் ஒரு விசைக்குப் பொதுவாக நான்கு நிலைகள் வரை பயன்படுத்தப்படுகின்றன.

1. முதல் நிலை: விசையை மட்டும் தட்டுவது. 4 கிடைக்கும்.
2. இரண்டாம் நிலை: ஷிப்ட்டுடன் தட்டுவது. $ கிடைக்கும்.
3. மூன்றாம் நிலை: ஆல்ட் ஜிஆர் எனப்படும் வலப்பக்க ஆல்ட்டுடன் தட்டுவது.
4. நான்காம் நிலை: ஷிப்ட், ஆல்ட் ஜிஆர் இரண்டையும் சேர்த்துத் தட்டுவது.

குழப்பத்தில் பெரும்பகுதி மூன்றாம் நிலையில் பிறக்கிறது. நிறுவும்போது பலரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் "ஆங்கிலம், அமெரிக்கா" என்ற விசையமைப்பில் மூன்றாம் நிலையே கிடையாது. அதில் வலப்பக்க ஆல்ட்டும் இடப்பக்க ஆல்ட்டைப் போன்ற சாதாரண ஆல்ட்தான். ஆகவே அதனுடன் 4ஐ அழுத்தினால் எழுத்து எதுவும் வராது. சில செயலிகளில் அது குறுக்குவழியாகக் கொள்ளப்பட்டு நான்காவது தாவலுக்குத் தாவிவிடும். அப்போது பயனர் மேலும் குழம்புவார்.

## என்ன வந்தது என்று முதலில் பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், ஒரு வெற்று உரைத்தொகுப்பியைத் திறந்து குறியைத் தட்டிப் பார்க்க வேண்டும். விளைவு கீழ்க்கண்டவற்றுள் ஒன்றாக இருக்கும்.

1. ஒன்றுமே வரவில்லை, ஆனால் அதே விசையின் முதல் நிலை வேலை செய்கிறது. விசை நன்றாக உள்ளது. அந்த நிலையில் குறி வைக்கப்படவில்லை, அல்லது அந்த நிலைக்குப் போகும் விசை இயக்கப்படவில்லை.
2. வேறொரு குறி வருகிறது. விசையமைப்பு தவறானது.
3. உடனே வரவில்லை, அடுத்த விசையைத் தட்டியதும் வருகிறது அல்லது எழுத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. காத்திருப்பு விசைகள் கொண்ட விசையமைப்பு தேர்வாகியுள்ளது.
4. சிறு கட்டம் வருகிறது. குறி சரியாகவே வந்து சேர்ந்துவிட்டது. அதை வரைந்து காட்ட எழுத்துரு இல்லை.
5. கேள்விக்குறி வருகிறது. குறியை ஏற்காத பழைய குறியாக்கத்தின் (எழுத்துகளுக்கு எண் தரும் முறையின்) வழியே அது எங்கோ கடந்து வந்திருக்கிறது.
6. எந்த நிலையிலும் எதுவும் வரவில்லை. இப்போது மட்டுமே விசைப்பலகையைச் சந்தேகிக்கலாம்.

கடைசி வகையை உறுதி செய்ய, வேலண்ட் என்ற புதிய திரை ஏற்பாட்டில் "வெவ்" என்ற சிறு கருவியும், எக்ஸ்11 என்ற பழைய திரை ஏற்பாட்டில் "எக்ஸ்இவி" என்ற கருவியும் உதவும். விசையைத் தட்டியதும் அவற்றில் எண் தோன்றினால் வன்பொருள் குற்றமற்றது. மழைக்காலத்து ஏற்காட்டில் ஈரம் ஏறிய விசைப்பலகையும், பட்டறைத் தூசி படிந்த விசைப்பலகையும் உண்மையிலேயே கெடும். ஆனால் அவை கெடும்போது 4 உட்பட அந்த விசையே செத்துப்போகும். 4ஐ விட்டுவிட்டு ₹ஐ மட்டும் தேர்ந்து கெடுக்கும் ஈரம் கிடையாது.

## ₹ குறியின் வழக்கு

இந்திய அரசு ₹ குறியை ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. அதை வடிவமைத்தவர் தமிழகத்தைச் சேர்ந்த த. உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுப்பட்டியலான யூனிகோடின் 6.0 பதிப்பிலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது; நாணயக் குறி ஒன்றுக்கு இது மிகவும் விரைவான வரவேற்பு. அதற்குரிய பதினாறடிமான (0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் எண்ணும் முறை) குறியீட்டு எண் 20பி9. அதன்பின் இந்தியாவில் விற்கப்படும் விசைப்பலகைகள் பலவற்றில் 4ஆம் விசையின் மூலையில் ₹ அச்சாகி வருகிறது. விண்டோஸில் "ஆங்கிலம், இந்தியா" விசையமைப்பு இருந்தால் ஆல்ட் ஜிஆருடன் 4 தட்டினால் வந்துவிடும். லினக்ஸில் அதற்கு நேரான விசையமைப்பின் பெயர் "இங்லிஷ் (இந்தியா, வித் ருப்பீ)". இது அமெரிக்க விசையமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, 4இன் மூன்றாம் நிலையில் ₹ஐச் சேர்த்து, வலப்பக்க ஆல்ட்டை ஆல்ட் ஜிஆராக மாற்றித் தருகிறது. மற்ற எதையும் தொடுவதில்லை. இந்தியாவில் வாங்கிய விசைப்பலகைக்கு, நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டியது இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

ஏற்கெனவே நிறுவியாகிவிட்டது என்றால், உபுண்டுவில் செட்டிங்ஸுக்குள் கீபோர்டு பகுதியில் உள்ள இன்புட் சோர்சஸ் பட்டியலில் இதைச் சேர்க்கலாம். மின்ட்டில் கீபோர்டு சாளரத்தின் லேஅவுட்ஸ் தாவலில் சேர்க்கலாம். சேர்த்தால் மட்டும் போதாது என்பதைத்தான் பலர் தவறவிடுகின்றனர். பட்டியலில் முதலில் இருப்பதே இயல்பான விசையமைப்பாகக் கொள்ளப்படுவதால், பழைய அமெரிக்க விசையமைப்பு மேலே இருக்கும்வரை, இன்று வந்த ₹ நாளைக் காலை கணினியைத் திறக்கும்போது மீண்டும் காணாமற்போகலாம். அமெரிக்க விசையமைப்பைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவது நல்லது. அதில் உள்ள அனைத்தும் புதியதிலும் இருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. தமிழ் விசையமைப்பையும் வைத்திருப்போர் இரண்டுக்கும் இடையே சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். எக்ஸ்11இல் ஒரே நேரத்தில் நான்கு விசையமைப்புகளுக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால், பார்த்ததையெல்லாம் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் வேண்டாம்.

விசையமைப்பை மாற்ற விரும்பாதோருக்கு வேறு வழியும் உண்டு. மின்ட்டின் லேஅவுட்ஸ் தாவலில் உள்ள ஆப்ஷன்ஸ் பொத்தானைத் திறந்தால், நாணயக் குறிகளைச் சேர்க்கும் பகுதியில் 4ஆம் விசையில் ரூபாய்க்குறியை வைக்கும் தெரிவு இருக்கும். அத்துடன் மூன்றாம் நிலைக்குரிய விசையாக வலப்பக்க ஆல்ட் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவை வைத்துவிட்டுச் சாவியை மறப்பவர்களே அதிகம்.

## @ இருந்த இடத்தில் மேற்கோள்குறி

இரண்டாம் வகைச் சிக்கலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நிறுவும்போது "ஆங்கிலம், பிரிட்டன்" தேர்வாகியிருக்கும். நம் நாட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் பிரிட்டன் வழக்கத்தைச் சார்ந்தது என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எழுத்துக்கூட்டல் வேறு, விசையமைப்பு வேறு. இந்தியச் சந்தையில் கிடைக்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் 104 விசைகள் கொண்ட அமெரிக்க வடிவம். பிரிட்டன் விசைப்பலகை 105 விசைகள் கொண்டது. விசைகளின் எண்ணிக்கையோடு, சில குறிகளின் இடமும் இரண்டிலும் வேறு என்பதால் பின்வரும் விளைவுகள் எழுகின்றன.

1. ஷிப்ட்டுடன் 2ஐத் தட்டினால் @ வராமல் " வரும். @ குறியோ மேற்கோள் விசையின் ஷிப்ட் நிலைக்குப் போய்விடும்.
2. ஷிப்ட்டுடன் 3ஐத் தட்டினால் # வராமல் £ வரும்.
3. என்டருக்கு மேலே \ என்று அச்சிட்ட விசை # குறியைத் தரும். ஷிப்ட்டுடன் ~ தரும்.
4. \ குறிக்கும் | குறிக்கும் நேரடி விசையே இல்லாமற்போகும்.

நான்காவதுதான் மற்றவற்றைவிடத் தொல்லையானது. மற்றவை இடம் மாறியவை, இது இடமே இழந்தது. பிரிட்டன் விசையமைப்பு இவ்விரு குறிகளையும் இடப்பக்க ஷிப்ட்டுக்கும் இஸட் எழுத்துக்கும் நடுவில் உள்ள கூடுதல் விசையில் வைத்துள்ளது. கருநிரலில் அவ்விசையின் எண் 86. நம்மிடம் உள்ள விசைப்பலகையில் அப்படியொரு விசையே இல்லை என்பதால், அந்த எண்ணை அனுப்ப எவராலும் முடியாது. விசைப்பலகையில் \ அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அது வேலை செய்யவில்லை என்று புதிய விசைப்பலகை வாங்கினாலும் அதுவும் 104 விசைகளுடன்தான் வரும். குறை அப்படியே தொடரும். விசையமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றினால் நான்கும் ஒருசேரத் தீர்ந்துவிடும்.

மூன்றாம் வகைக்கும் இதே மருந்துதான். "ஆங்கிலம், அமெரிக்கா, பன்னாட்டு, டெட் கீஸ்" என்ற நீண்ட பெயர் கொண்ட விசையமைப்பில் ' " ` ~ ^ ஆகியவை காத்திருப்பு விசைகள், பிரெஞ்சு, ஸ்பானிய எழுத்துகளின் தலையில் குறியிடுவதற்காக அவை அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். அவற்றை அடுத்து இடைவெளி விசையைத் தட்டினால் குறி தனியே வரும். ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதாதோருக்கு இந்த விசையமைப்பால் பயன் இல்லை.

## ஆல்ட் 0176 எங்கே போயிற்று?

விண்டோஸில் பழகியோர், ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண்பகுதியில் 0176 தட்டி ° குறியைப் பெறுவர். இது விண்டோஸின் தனி ஏற்பாடு, லினக்ஸில் இல்லை. அதற்கு ஈடான வழிகள் மூன்று.

1. கன்ட்ரோல், ஷிப்ட், யூ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி விட்டபின், குறியீட்டு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துவது. உபுண்டுவின் உரைத்தொகுப்பி போன்று ஜிடிகே என்ற கருவித்தொகுப்பால் அமைந்த செயலிகளிலும், ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் இயங்கும் இடங்களிலும் இது நடக்கும். எண் பதினாறடிமானத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ° குறிக்கு விண்டோஸில் தந்த 176 பதின்மான எண். இங்கே பி0 என்றே தட்ட வேண்டும். 176 என்றே தட்டினால் முற்றிலும் வேறோர் எழுத்து வந்து நிற்கும்.
2. லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் குறியீட்டு எண்ணைத் தட்டிவிட்டு உடனே ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துவது. எண் குறியாக மாறிவிடும். மீண்டும் அழுத்தினால் குறி எண்ணாகத் திரும்பும். ஒரு கோப்பில் உள்ள விளங்காத குறி எது என்று கண்டறிய இது நல்ல கருவி.
3. கம்போஸ் விசை.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிகம் பழக வேண்டும். எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லாமல், குறியின் உருவத்தைக் கொண்டே அதை வரவழைக்கும் முறை இது. டெக் நிறுவனத்தின் விடி220 முனையத்துடன் 1983இல் வந்த விசைப்பலகையில் இதற்கெனத் தனி விசையே இருந்தது. இன்றைய விசைப்பலகைகளில் அது இல்லாததால், லினக்ஸ் எந்த விசையையும் தானாக அதற்கு ஒதுக்குவதில்லை. நாம்தான் ஒதுக்க வேண்டும். உபுண்டுவில் கீபோர்டு பகுதியில் கம்போஸ் கீ என்ற தெரிவு உள்ளது. மின்ட்டில் ஆப்ஷன்ஸ் பட்டியலில் உள்ளது. வலப்பக்க ஆல்ட்டை ₹க்காக ஆல்ட் ஜிஆர் ஆக்கிவிட்டபடியால், கம்போஸுக்கு வலப்பக்க கன்ட்ரோலையோ கேப்ஸ் லாக்கையோ தருவது பொருத்தம். ஒரே விசையை இரண்டு வேலைக்கும் கொடுத்துவிட்டு, இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை என்று தேடுவதும் நடப்பதுண்டு.

ஒதுக்கியபின், கம்போஸை ஒருமுறை தட்டிவிட்டு ஓ எழுத்தை இருமுறை தட்டினால் ° வரும். கம்போஸ், 1, 2 என்று வரிசையாகத் தட்டினால் ½. 1, 4 என்றால் ¼. 3, 4 என்றால் ¾. எக்ஸ் எழுத்தை இருமுறை தட்டினால் ×. கூட்டலும் கழித்தலும் தட்டினால் ±. இவற்றைச் சேர்த்துப் பிடிக்கத் தேவையில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். தோட்டத்துக் கணக்கில் வெப்பநிலையையும் அரை, கால் எடைகளையும் நாள்தோறும் பதிவோர், இரண்டு மூன்று நாளில் விரலுக்குப் பழக்கிக்கொள்வர்.

## தமிழுக்கே உரிய குறிகள்

பத்திரத்தில் மேற்படி என்பதற்கு ௸, அழைப்பிதழில் நாள், மாதம், ஆண்டுக்கு ௳ ௴ ௵, பழைய கணக்கில் பற்று வரவுக்கு ௶ ௷, ரூபாய்க்கு ௹ என்று வழங்கும் குறிகளுக்கு யூனிகோடு 2003இல், அதன் 4.0 பதிப்பில், இடமளித்தது. ஆகவே அவை இல்லாதவை அல்ல, எட்டாதவை. ௸ குறியின் எண் 0பிஎஃப்8. மேலே சொன்ன கன்ட்ரோல், ஷிப்ட், யூ முறையில் அதைப் பெறலாம். நாள்தோறும் தேவைப்படுவோர் தங்கள் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்கம்போஸ் என்ற கோப்பை உருவாக்கி, தமக்கு எளிதான இரண்டெழுத்துச் சேர்க்கையை அதற்கென எழுதிக்கொள்ளலாம். அக்கோப்பின் முதல் வரியில் கணினியின் மூலப் பட்டியலை இணைக்கும் ஆணையை எழுத மறக்கக்கூடாது; மறந்தால் ௸ வரும், ஆனால் அதுவரை வந்துகொண்டிருந்த ° நின்றுபோகும்.

தமிழ்99 விசையமைப்பிலும் ஒரு நுட்பம் உள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே வந்து, அதே ஆண்டு தமிழக அரசின் ஏற்பையும் பெற்ற இவ்விசையமைப்பு, விசைக்கு ஓர் எழுத்து என்பதோடு நிற்பதில்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழ வேண்டும். மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து உயிர்மெய்யாக வேண்டும். க்ஷ, ஸ்ரீ ஆகியவை ஒரே தட்டில் வர வேண்டும். ஆனால் யூனிகோடில் க்ஷ என்பது மூன்று குறியீடுகளின் கோவை, ஸ்ரீ நான்கின் கோவை. எக்ஸ்கேபியோ ஒரு விசையின் ஒரு நிலைக்கு ஒரே குறியீட்டைத் தருவது. முன்பு எது தட்டப்பட்டது என்பதும் அதற்கு நினைவில்லை.

ஆகவே, விசையமைப்புப் பட்டியலில் "தமிழ் (தமிழ்நெட் 99)" என்று தோன்றுவதை மட்டும் சேர்த்தவருக்கு, அம்மா என்று எழுதுவதிலேயே இடறும். தமிழ்99ஐ முழுமையாகப் பெற, உள்ளீட்டு முறை எனப்படும் மற்றொரு அடுக்கு தேவை. ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் அந்த அடுக்கு. அதற்குள் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகியவை பட்டியலில் வரும். பட்டியலில் தமிழ்99 என்ற பெயர் இரண்டு முறை தோன்றினால், ஒன்று எக்ஸ்கேபியினுடையது, மற்றது எம்17என்னுடையது, வேண்டியது பின்னது.

## கட்டமும் கேள்விக்குறியும்

சிறு கட்டம் தோன்றினால், அதை நகலெடுத்து வேறொரு செயலியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் தெரிந்தால், முதல் செயலி தேர்ந்த எழுத்துருவில் அந்தக் குறி இல்லை என்று பொருள். நோட்டோ எழுத்துருக்களை நிறுவினால் பெரும்பாலும் தீரும். பழைய நில ஆவணங்களில் வரும் முந்திரி, காணி, மா போன்ற பின்ன, அளவைக் குறிகளுக்கு யூனிகோடு 2019இல்தான், 12.0 பதிப்பில், தனித் தொகுதி அமைத்து 51 குறிகளைச் சேர்த்தது. சாதாரணத் தமிழ் எழுத்துருக்களில் இவை இருப்பதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்பதைத் தனியே நிறுவ வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு. 2010இல் ₹ அறிவிக்கப்பட்டபோது, யூனிகோடுக்குக் காத்திருக்காமல், ` குறியின் இடத்தில் ₹ உருவத்தை வரைந்து வைத்த ருப்பீ ஃபோரேடியன் என்ற எழுத்துரு வேகமாகப் பரவியது. அதைக் கொண்டு உருவாக்கிய விலைப்பட்டியலை இன்று லினக்ஸில் திறந்தால், ஒவ்வொரு தொகைக்கும் முன்னே ` நிற்கும். கோப்பில் ₹ ஒருபோதும் இருந்ததில்லை. எழுத்துருவின் உருவம்தான் அப்படிக் காட்டியது. லிப்ரெஆபிஸில் தேடி மாற்றும் வசதியால் அவற்றை உண்மையான ₹ ஆக மாற்றிவிடலாம். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளின் சிக்கலும் இதுவே. அவற்றை யூனிகோடு மாற்றியில் இட்டு எடுக்க வேண்டும்.

கேள்விக்குறி பெரும்பாலும் பில் அச்சுப்பொறியில் வெளிப்படும். திரையில் ₹ சரியாக இருக்கும், தாளில் ? விழும். கடைகளில் உள்ள வெப்ப அச்சுப்பொறிகள் பல, 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 437ஆம் குறியீட்டுப் பக்கம் என்ற எழுத்துப் பட்டியலை இன்றும் இயல்பாகக் கொண்டவை. ₹ பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முந்திய அந்தப் பட்டியலில் அதற்கு இடமிருக்க முடியாது. பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும்படி மென்பொருளில் மாற்றினால் ₹ அச்சாகும். அச்சு சற்று மெதுவாகும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் ரூபாய் என்பதற்கு "Rs." என்ற ஆங்கிலச் சுருக்கத்தை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. வாடிக்கையாளருக்குத் தேவை தொகை.

## கடவுச்சொல் ஏற்கப்படாதபோது

குறிகள் காணாமற்போவதில் மிகவும் பதறவைப்பது உள்நுழைவுத் திரையில் நேர்வது. கடவுச்சொல்லில் @ அல்லது # இருக்கும். தட்டுவது புள்ளிகளாகத் தெரிவதால் வேறு குறி விழுவது கண்ணுக்குப் புலப்படாது. பயனர் தம் கணக்கில் விசையமைப்பை மாற்றியிருந்தாலும், உள்நுழைவுத் திரை கணினி முழுமைக்குமான விசையமைப்பையே பின்பற்றலாம். வட்டு மறையாக்கத்துக்கான கடவுச்சொல் கேட்கும் தொடக்கத் திரையும் அப்படித்தான். நிறுவும்போது பிரிட்டன் விசையமைப்பு, பிறகு கணக்கில் இந்திய விசையமைப்பு என்று இரண்டும் வேறாக இருந்தால், சரியான கடவுச்சொல்லும் தவறாகும்.

உள்நுழைவுத் திரையின் மூலையில் விசையமைப்பு காட்டப்பட்டிருந்தால் அங்கேயே மாற்றலாம். இல்லையெனில் மேலே சொன்ன இடமாற்றத்தைக் கணக்கில் கொண்டு, @ வேண்டிய இடத்தில் மேற்கோள் விசையை ஷிப்ட்டுடன் தட்டி உள்ளே நுழையலாம். நுழைந்தபின், டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவிலும் மின்ட்டிலும், இடிசி கோப்புறைக்குள் டிபால்ட் கோப்புறையில் உள்ள கீபோர்டு என்ற கோப்பில் கணினி முழுமைக்குமான விசையமைப்பை மாற்ற வேண்டும். அதைக் கையால் திருத்துவதைவிட, கீபோர்டு-கான்பிகரேஷன் தொகுப்பை மறு அமைவு செய்யும் டிபிகேஜி-ரீகான்பிகர் ஆணையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. அது கேள்வி கேட்டு விடை வாங்கிக்கொள்ளும்.

## பழைய அறிவுரைகள் ஏன் பலிக்கவில்லை

இச்சிக்கலுக்கு இணையத்தில் கிடைக்கும் விடைகளில் பாதி, செட்எக்ஸ்கேபிமேப் அல்லது எக்ஸ்மாட்மேப் என்ற ஆணைகளைத் தருகின்றன. இவை எக்ஸ்11 என்ற பழைய திரை ஏற்பாட்டுக்கு உரியவை. உபுண்டு 25.10இல் க்னோம் மேசைத்தளம் வேலண்ட் என்ற புதிய ஏற்பாட்டில் மட்டுமே இயங்குகிறது. அங்கே இந்த ஆணைகள் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் முடிந்துவிடலாம், ஆனால் புதிய செயலிகளில் எந்த மாற்றமும் நேராது. மின்ட் 22 வரிசையின் சின்னமன் மேசைத்தளம் இயல்பாக எக்ஸ்11 மீது ஓடுவதால் அங்கே வேலை செய்யும். ஆயினும் அந்த அமர்வு முடியும்வரைதான். எக்ஸ்மாட்மேப்பால் செய்த மாற்றம் விசையமைப்பை மாற்றினாலோ விசைப்பலகையைக் கழற்றிச் செருகினாலோ அழிந்துபோகும்.

யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்கேபி கோப்புகளையே திருத்தச் சொல்லும் அறிவுரையும் உண்டு. அது இரண்டு ஏற்பாடுகளிலும் வேலை செய்யும், ஆனால் விசையமைப்புத் தொகுப்பின் அடுத்த இற்றைப்படுத்தல் வரும்போது திருத்தம் சொல்லாமல் மறையும். வேலண்டில் தனக்கென ஒரு விசையமைப்பை உருவாக்க விரும்புவோர், வீட்டுக் கோப்புறையின் மறைவான கான்பிக் கோப்புறைக்குள் எக்ஸ்கேபி என்ற கோப்புறையை அமைத்து அதில் எழுதினால், இற்றைப்படுத்தல் அதைத் தொடாது. எக்ஸ்11 சேவையகம் அந்த இடத்தைப் படிப்பதில்லை என்பதால், மின்ட்டில் இருப்போருக்கு ஆப்ஷன்ஸ் பட்டியலும் எக்ஸ்கம்போஸ் கோப்புமே போதிய வழிகள்.